கல் கரைவதும் கம்பி துருப்பிடிப்பதும்: வாசகர் கேள்வி – பதில்

அமில மழையால் பழைய கட்டடங்கள் கெடுவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதும் கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. சிற்பிகள், பள்ளி ஆசிரியர்கள், பொறியியல் மாணவர்கள், வீட்டுத் தளத்தில் கம்பி தெரிய ஆரம்பித்துவிட்டதே என்று பதறுகிறவர்கள் என்று பல தரப்பிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வகுப்பில் பளிங்குத் துண்டின் மேல் அமிலத்தை விட்டால் நுரைத்துப் பொங்குகிறது. மழையில் நனைகிற பளிங்கு எதுவும் அப்படி நுரைப்பதில்லையே, மழையில் உண்மையிலேயே அமிலம் இருக்கிறதா? (பள்ளி ஆசிரியர் ஒருவர்)

இருக்கிறது, எப்போதுமே இருந்திருக்கிறது. புகையே இல்லாத இடத்தில் பெய்கிற சுத்தமான மழைகூடக் கொஞ்சம் அமிலம்தான். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மழைத்துளியில் கரைந்து கார்பானிக் அமிலமாகிவிடுவதால் அந்த நீரின் பிஎச் அளவு சுமார் 5.6-க்கு இறங்கிவிடுகிறது, நடுநிலை என்பது 7. சுண்ணாம்புப் பாறைகளில் குகைகள் உண்டாவதற்கு இந்த மெல்லிய அமிலமே போதும், ஆனால் அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும். நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வெளிவருகிற கந்தக டை ஆக்சைடும், வண்டிப் புகையிலும் மின் நிலையப் புகையிலும் வருகிற நைட்ரஜன் ஆக்சைடுகளும் மேகத்தில் கலந்து கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறும்போதுதான் விவகாரம் முற்றுகிறது, பிஎச் 4.2, 4.4 என்று இறங்குகிறது. பிஎச்சில் ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பதை மாணவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 5.6-க்கும் 4.3-க்கும் பெரிய வித்தியாசமில்லை என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அது இருபது மடங்கு.

நுரைக்காததற்குக் காரணம், மழையிலுள்ள அமிலம் வகுப்பறையில் நீங்கள் விடுகிற அமிலத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு நீர்த்தது என்பதுதான். வேதிவினை அதேதான், வெளியாகிற கார்பன் டை ஆக்சைடு மிகக் குறைவாக இருப்பதால் சத்தமில்லாமல் நீரிலேயே கரைந்து போய்விடுகிறது. இன்னொன்று, மழை பெய்தால்தான் சேதம் என்றும் இல்லை. கந்தக வாயுவும் புகைத்தூளும் மழையே இல்லாத நாளிலும் சுவரில் வந்து படிகின்றன, இரவில் பனி இறங்கியதும் அந்த இடத்திலேயே அமிலமாகின்றன. மூடுபனி மழையைவிடக் கெட்டது. அதன் துளிகள் சிறியவை, உள்ளே இருக்கிற அமிலம் செறிவானது, சுவரைத் தொட்டால் ஓடிவிடாமல் அங்கேயே தங்கிவிடும்.

இதையெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சுற்றிப் பெய்த மழையைச் சோதித்து, ஊரை நெருங்க நெருங்க அமிலம் கூடுகிறது என்று ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளர் 1852-லேயே எழுதிவிட்டார். 1872-ல் வந்த அவருடைய புத்தகத்தில் அமில மழை என்ற பெயரும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு உலகம் இதைக் கவனிக்க ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின என்பதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: கல் எவ்வளவு வேகத்தில் தேய்கிறது? கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும், லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தின் மொட்டை மாடியில் இதற்கு அருமையான சாட்சி இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைப்பிடிச் சுவரின் கற்களை உள்ளே பிணைத்துவிட்டு, மேலே விட்ட துளைகளில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிக் கல்லின் மட்டத்துக்குச் சரியாகச் செதுக்கி விட்டிருந்தார்கள். கல் சுண்ணாம்புக்கல், மழையில் கரைகிறது, ஈயம் கரைவதில்லை. இன்று ஈயம் அதே உயரத்தில் நிற்க, சுற்றியிருந்த கல் கீழே இறங்கிவிட்டது. ஈயக் குமிழ்கள் கல்லுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்பதை அளந்தால், 1980 வரை சுமார் 260 ஆண்டுகளில் ஏறக்குறைய 2 செ.மீ. கல் போயிருக்கிறது.

அப்புறம் 1980-லிருந்து அதே சுவரில் நுண்ணளவி வைத்து அளந்தார்கள். 1980-களில் ஆண்டுக்கு 0.05 மி.மீ. அளவில் தேய்ந்துகொண்டிருந்த கல், லண்டன் காற்றில் கந்தகம் குறைந்த பிறகு 1990-களில் அதில் பாதியாகத்தான் தேய்ந்தது. கந்தகத்தைக் குறைத்தால் கல் பிழைக்கும் என்பதை இதைவிட நேராகக் காட்டுகிற அளவீடு எனக்குத் தெரிந்து இல்லை. சட்டம் போட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறவர்களிடம் நான் எப்போதும் இதைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: வெளியில் நிற்கும் ஒரு பளிங்குச் சிலையில் தலையும் தோளும் வெளுத்து, மழுங்கிப் போயிருக்கின்றன. தாடைக்கு அடியிலும் ஆடை மடிப்புகளிலும் கருப்பாக ஓடு கட்டியிருக்கிறது. மழை படாத இடத்தில்தானே கல் நன்றாக இருக்க வேண்டும்? எந்தப் பகுதியை முதலில் கவனிப்பது? (சிற்பி ஒருவர்)

கருப்பு ஓட்டைத்தான். அதைப் பார்த்தால் வெறும் அழுக்கு போலத் தெரியும், ஆனால் அது அழுக்கு அல்ல, கல்லே வேறு பொருளாக மாறிவிட்டது.

பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட். கந்தக அமிலம் பட்டதும் அது ஜிப்சமாக மாறுகிறது. சுத்தமான நீரில் கால்சியம் கார்பனேட் கரைவதைவிட ஜிப்சம் நூறு மடங்குக்கும் மேலாகக் கரையும். ஆகவே மழை நேராக விழுகிற தலையிலும் தோளிலும் உண்டாகிற ஜிப்சம் அடுத்த மழையிலேயே கழுவிப் போய்விடுகிறது, புதிய கல் வெளியே வருகிறது, அதுவும் ஜிப்சமாகிறது, அதுவும் போகிறது. அங்கே இழப்பு சீராக நடக்கிறது. மூக்கின் கூர்மை, இமையின் கோடு, உளி வைத்த தடம் எல்லாம் மெதுவாக மழுங்கும், ஆனால் அடியில் மிஞ்சியிருக்கிற கல் ஓரளவு உறுதியாகத்தான் இருக்கும்.

தாடைக்கு அடியில் கழுவ மழை இல்லை. ஆனால் ஈரக்காற்றும் கந்தக வாயுவும் அங்கேயும் போகின்றன, பனியும் இறங்குகிறது. ஜிப்சம் உண்டாகி அங்கேயே தங்குகிறது, படிகம் படிகமாக வளர்கிறது, வளரும்போது புகைக்கரியையும் தூசியையும் தனக்குள் கட்டிக்கொள்கிறது. அதுதான் அந்தக் கருப்பு. ஓடு தடிக்கத் தடிக்க அதற்கும் அடியிலுள்ள கல்லுக்கும் நடுவில் ஒரு பலவீனமான அடுக்கு உருவாகிறது, வெயிலில் கருப்பு ஓடு அதிகமாகச் சூடாகிக் கல்லைவிட வேறு அளவில் விரிகிறது, உப்பிக் கொப்புளம் போடுகிறது, ஒரு நாள் அப்படியே பெயர்ந்து விழுகிறது. விழும்போது செதுக்கின முகத்தையும் சேர்த்துக்கொண்டு போய்விடும். ஓடு விழுந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள், கல் பொடிப்பொடியாக விரலில் ஒட்டும். அதனால் ஓட்டைச் சுரண்டி எடுக்க மட்டும் போகாதீர்கள். ஓட்டுக்குள்தான் இப்போது அந்த முகத்தின் வடிவமே இருக்கிறது. லேசர் வைத்தோ, அம்மோனியம் கார்பனேட் குழம்பு அப்பியோ கரியை மட்டும் எடுக்கிற முறைகள் உண்டு, ஆனால் அது பழகின கை செய்ய வேண்டிய வேலை.

ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் எரெக்தியான் கோயிலின் கூரையைத் தாங்கி நின்ற பெண் சிலைகளை 1979-ல் இறக்கிக் கட்டடத்துக்குள் கொண்டுபோனார்கள், இப்போது வெளியே நிற்பவை நகல்கள். சுமார் 2,400 ஆண்டுகள் வெளியில் நின்ற சிலைகள் அவை. 20-ஆம் நூற்றாண்டுப் புகை அவற்றை அங்கே நிற்க விடவில்லை.

பளிங்கில் அமிலமே இல்லாமல் நடக்கிற இன்னொரு கெடுதலும் உண்டு, சிற்பிக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பளிங்கிலுள்ள கால்சைட் படிகத்தைச் சூடாக்கினால் அது ஒரு திசையில் விரியும், அதற்குக் குறுக்குத் திசையில் சுருங்கும். பக்கத்துப் பக்கத்துப் படிகங்கள் வேறு வேறு திசையில் படுத்திருப்பதால் பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் ஒன்றை ஒன்று தள்ளித் தள்ளிப் பிடி விட்டுவிடுகின்றன. கல் சர்க்கரைக் கட்டி மாதிரி உதிரத் தொடங்குவது இதனால்தான். கனமான சிலையில் இது மேற்பரப்போடு நிற்கலாம், மெல்லிய பலகையில் நிற்காது. சிக்காகோவில் 1973-ல் முடிந்த அமோகோ கோபுரத்தை இத்தாலியின் கராரா பளிங்கில் மெல்லிய பலகைகளாக அறுத்துப் போர்த்தியிருந்தார்கள். பலகைகள் வெளிப்பக்கம் வில்லாக வளையத் தொடங்கி, 1990 தொடங்கி 1992-க்குள் மொத்தக் கட்டடத்தின் பளிங்கையும் கழற்றிவிட்டுக் கருங்கல் போட வேண்டியதாயிற்று.

கேள்வி: அப்படியானால் கருங்கல்லுக்கு ஒன்றும் ஆகாதா?

அமில மழையால் மட்டும் என்றால் நம் ஆயுளில் பெரிதாக ஒன்றும் ஆகாது. கருங்கல்லில் கார்பனேட் இல்லை. அதிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் நீர் பட்டு மெதுவாகக் களிமண்ணாகும், குவார்ட்ஸ் என்ற கனிமம் அசையாது. ஆனால் கருங்கல்லையும் உப்பு விடாது. கடற்காற்றில் வருகிற உப்பு நுண்துளைகளில் புகுந்து, காய்ந்து படிகமாகும்போது தள்ளுகிற அழுத்தத்தில் கல் செதில் செதிலாக உரியும். குளிர் நாடுகளில் இதே வேலையைப் பனிக்கட்டி செய்கிறது. நீர் உறையும்போது 9 சதவீதம் பெருக்கிறது.

மணற்கல்லைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் சேர்த்து: மணலைப் பார்க்காதீர்கள், மணலை ஒட்டவைத்திருக்கிற பசை எது என்று கேளுங்கள். சிலிக்கா பசை என்றால் நிற்கும். சுண்ணாம்புப் பசை என்றால் மழை பசையைக் கரைத்துவிட்டு மணலைக் கொட்டிவிட்டுப் போகும். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் இரண்டு வகையும் அருகருகே இருக்கின்றன, ஒரே காற்று, ஒரே மழை. 19-ஆம் நூற்றாண்டில் வைத்த சுண்ணாம்புப் பசை மணற்கல் மோசமாகச் சிதைந்து மாற்ற வேண்டியதாகியிருக்கிறது, சிலிக்கா பசை மணற்கல் கருத்துப் போனாலும் செதுக்கின விளிம்போடு நிற்கிறது.

கேள்வி: செம்பில் பச்சைக் களிம்பு ஏறினால் நல்லது என்கிறார்கள், இரும்பில் துரு ஏறினால் போச்சு என்கிறார்கள். இரண்டும் அரிப்புதானே? (கல்லூரி மாணவி ஒருவர்)

இரண்டும் அரிப்புதான், வித்தியாசம் மேலே உண்டாகிற அடுக்கில் இருக்கிறது. செம்பின் மேல் வருகிற பச்சை அடுக்கு நெருக்கமாக, இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்வதால் அடியில் உள்ள உலோகத்துக்குக் காற்றும் நீரும் எளிதில் போவதில்லை. அலுமினியத்தின் ஆக்சைடு படலமும் துத்தநாகத்தின் மேல் வருகிற கார்பனேட் படலமும் இதே காவலைத்தான் செய்கின்றன. இரும்புத் துருவோ பொருபொருவென்று இருக்கும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடியில் புதிய துரு வந்ததும் மேலே இருப்பது உதிரும். அமில மழை இந்தக் காவல் அடுக்குகளைக் கரைக்கிறது, அதனால்தான் தொழிற்சாலைப் புகைக்கு நடுவில் இருக்கிற கால்வனைஸ் தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) கிராமத்தில் இருக்கிற தகட்டைவிடச் சீக்கிரம் வெளுத்துத் துத்தநாகத்தை இழந்துவிடுகிறது. கந்தக வாயு கலந்த காற்றில், ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று எகிறும். மழை வேண்டியதே இல்லை.

நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலை இரண்டையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. வெளித்தோல் 2.4 மி.மீ. செம்புத் தகடு. 1886-லிருந்து கடற்காற்றிலும் நகரப் புகையிலும் நிற்கிறது, பச்சையாகிவிட்டது, தகடு தேய்ந்தது மிகக் கொஞ்சம். ஆனால் உள்ளே அந்தத் தகட்டைத் தாங்குகிற இரும்புப் பட்டைகள் வீணாகிவிட்டன. செம்பும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புநீர் சேர்ந்தால் அது ஒரு மின்கலமாகிவிடும். அதில் எப்போதும் இரும்புதான் பலியாகும். கட்டியவர்களுக்கு இது தெரியும், அதனால் அரக்கில் தோய்த்த கல்நார் அடுக்கு ஒன்றை நடுவில் வைத்திருந்தார்கள். அது காலப்போக்கில் நைந்துவிட்டது, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு நிலைமையை இன்னும் கெடுத்தது. துரு வீங்கி, பட்டைகளைத் தகட்டோடு பிணைத்த ஆணிகளையே பிடுங்கிவிட்டது. 1984 முதல் 1986 வரை நடந்த பெரிய பழுதுபார்ப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டைகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் அதன் வளைவுக்கேற்ப ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்து மாட்டி, இடையில் டெஃப்லான் நாடா வைத்தார்கள்.

இதே சங்கதி கைப்பிடி, கூரைத் தகடு, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றிலும் நடக்கிறது. செம்புக் குழாயைக் கால்வனைஸ் குழாயோடு நேராகச் சேர்த்தால் கால்வனைஸ் போகும். அலுமினியச் சட்டத்தை ஸ்டெயின்லெஸ் போல்ட்டால் இறுக்குவதாக இருந்தால் நடுவில் நைலான் வாஷரும் குழலும் வையுங்கள். எதில் எது சிறியது என்றும் பாருங்கள்: பெரிய செம்புத் தகட்டில் சிறிய இரும்பு ஆணி அடித்தால் ஆணி வெகு சீக்கிரம் போகும், பெரிய இரும்புத் தகட்டில் சிறிய செம்பு ஆணி அடித்தால் இரும்புக்கு அவ்வளவு அவசரமில்லை.

கேள்வி: விரிசல் விட்ட பழைய கற்தூணை இரும்புக் கம்பி வைத்துப் பிணைக்கலாமா?

கூடாது. இதற்கு உலகமே பாடம் கற்ற இடம் ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் உள்ள பார்த்தினான் கோயில். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டிய கிரேக்கர்கள் பளிங்குக் கற்களை இரும்புக் கவ்விகளால் பிணைத்தார்கள்தான், ஆனால் ஒவ்வொரு கவ்வியையும் சுற்றி ஈயத்தை ஊற்றி மூடினார்கள். ஈயம் ஈரத்தையும் தடுத்தது, நிலநடுக்கத்தில் கொஞ்சம் அசையவும் இடம் கொடுத்தது. 1898-க்குப் பிறகு நிகோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் பல ஆண்டுகள் அங்கே பழுதுபார்த்தபோது ஈயம் இல்லாமல் வெறும் இரும்பை வைத்தார். துருப்பிடித்த இரும்பு, தான் இருந்த இடத்தைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். பளிங்கு உள்ளிருந்தே வெடித்தது. 2,000 ஆண்டுகளில் ஆகாத விரிசல்கள் சில பத்தாண்டுகளில் வந்தன. 1975-ல் அமைத்த குழு அந்த இரும்பை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்துக்கொண்டிருக்கிறது. டைட்டானியம் கிடைக்காத இடத்தில் நல்ல ரக ஸ்டெயின்லெஸ் வையுங்கள். சாதாரணக் கம்பி வேண்டவே வேண்டாம், அதற்கு அந்தத் தூண் விரிசலோடு நிற்பதே மேல்.

கேள்வி: மொட்டை மாடித் தளத்தின் அடியில் காரை பெயர்ந்து விழுந்து கம்பி தெரிகிறது. அமில மழையால் என்கிறார்கள், உண்மையா? (மூன்று வாசகர்கள்)

பெரும்பாலும் இல்லை. அமில மழை கான்கிரீட்டின் மேல்தோலைக் கொஞ்சம் அரிக்கும், ஆனால் உள்ளே கம்பி துருப்பிடிப்பதற்குக் காரணம் வேறு.

புதுக் கான்கிரீட் நல்ல காரம், அதன் பிஎச் 12.5-க்கும் மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. இந்தக் காவல் இரண்டு வழியில் போகும். ஒன்று, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நுண்துளைகள் வழியே உள்ளே ஏறி, காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அணைத்துக் கொண்டே போகிறது. அது கம்பியை எட்டிய நாளில் பிஎச் 9-க்குக் கீழே வந்துவிடும், படலம் போய்விடும். இது காலத்தின் வர்க்கமூலக் கணக்கில் நகரும், அதாவது முதல் 1 செ.மீ.க்கு ஐந்து ஆண்டு ஆனால் 2 செ.மீ.க்கு இருபது ஆண்டு. கம்பிக்கு மேலே இருக்கிற காரையின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் ஆயுள் நான்கு மடங்காகும் என்பதற்கு இதுதான் காரணம். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்துகிற சிறு கட்டை) வைக்காமல் கான்கிரீட் போடுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று இதிலிருந்தே தெரியும். இரண்டாவது வழி உப்பு. கடல் மணல், உப்புத் தண்ணீர், கடற்காற்று எதில் வந்தாலும் குளோரைடு போய்ச் சேர்ந்தால் காரம் இருக்கும்போதே படலத்தை அங்கங்கே ஓட்டை போட்டுவிடும்.

முதல் அறிகுறி விழுகிற காரை இல்லை. அதற்கு வெகு முன்பே கம்பி ஓடுகிற கோட்டிலேயே ஒரு மெல்லிய விரிசல் வரும், பழுப்புக் கறை கசியும். சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள், நல்ல இடம் கணீரென்று கேட்கும், பிரிந்துவிட்ட இடம் பொத்தென்று கேட்கும். அந்தப் பொத்தென்ற இடத்தையெல்லாம் உடைத்து எடுக்க வேண்டும், கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழைகிற அளவுக்கு. கம்பியை வெள்ளையாகத் தேய்த்து, கனம் குறைந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, அதற்கென்று உள்ள பூச்சு கொடுத்து, அப்புறம்தான் பூச வேண்டும். அதற்கும் முன்னால் மேலே தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடித்துச் சரி செய்யுங்கள். துருவின் மேல் சிமென்ட் அப்பி வெள்ளை அடித்தால் அடுத்த பெயர்வு பெரிதாக வரும். தூணிலோ உத்தரத்திலோ இந்த நிலை என்றால் கொத்தனாரோடு நிறுத்தாமல் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

கேள்வி: அரிப்பால் ஒரு பாலமே விழுமா?

விழுந்திருக்கிறது. 1967 டிசம்பர் 15 அன்று மாலை நெரிசலில் அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தார்கள். 1928-ல் கட்டியது. கம்பிவடத்துக்குப் பதிலாக, முனையில் காது (துளையுள்ள வளையம்) வைத்த எஃகுப் பட்டைகளைக் கோர்த்த சங்கிலியில் தொங்கிய பாலம். ஒரு காதின் உள்பக்கத்தில் சுமார் 2.5 மி.மீ. ஆழத்துக்கு ஒரு விரிசல், அவ்வளவுதான். இழுவையும் அரிப்பும் சேர்ந்து நாற்பது ஆண்டு வளர்த்த விரிசல் அது, பட்டைகளைக் கழற்றாமல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. அதன் பிறகுதான் அமெரிக்கா நாடு முழுவதும் பாலங்களைக் குறித்த காலத்தில் சோதிக்க விதி கொண்டுவந்தது. 2018 ஆகஸ்ட் 14 அன்று இத்தாலியின் ஜெனோவாவில் மொராண்டி பாலம் விழுந்து 43 பேர் இறந்தபோதும், தாங்குகம்பிகள் கான்கிரீட்டுக்குள் மறைந்திருந்து அரித்துப் போயிருந்தன. மேலே தெரிகிற துருவைப் பார்த்துப் பயப்படுகிறோம், பெயின்ட் அடித்துவிடுகிறோம். உயிரை எடுப்பது இணைப்புக்குள்ளும் உறைக்குள்ளும் இருக்கிற துரு.

கேள்வி: டெல்லி இரும்புத் தூண் துருப்பிடிக்காததன் ரகசியம் என்ன?

பாஸ்பரஸ். சுமார் 1,600 ஆண்டு முன்பு குப்தர் காலத்தில் கரி வைத்து உருக்கிய இரும்பு அது, அதில் பாஸ்பரஸ் கால் சதவீதம் அளவுக்கு இருக்கிறது. இன்றைய எஃகில் இருப்பதைவிடப் பல மடங்கு. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து, அந்தப் பாஸ்பரஸ் உலோகத்துக்கும் துருவுக்கும் நடுவில் ஒரு நெருக்கமான படலத்தை வளர்த்துவிட்டது. கான்பூர் ஐஐடியின் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் இதை விளக்கினார். துருவே பிடிக்கவில்லை என்பது சரியில்லை, மெல்லிய துருதான் அதற்குக் கவசம். டெல்லியின் நீண்ட வறண்ட மாதங்களும் உதவுகின்றன. கடலோரத்தில் நட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. மண்ணுக்குள் இருந்த அடிப்பகுதி மேலே இருப்பது போலத் தப்பவில்லை. தூணைக் கட்டிப்பிடிக்கிற பழக்கத்தால் கை பட்டுப் பட்டுப் படலம் தேய்ந்ததால் 1997-ல் சுற்றி வேலி போட்டார்கள்.

கேள்வி: தாஜ்மகால் மஞ்சளாவது அமில மழையாலா?

நிறம் மாறுவதில் பெரிய பங்கு தூசிக்கும் கரிக்கும். ஐஐடி கான்பூரும் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கும் சேர்ந்து செய்த ஆய்வில், பளிங்கின் மேல் படிந்தவற்றில் மண்தூசியும், குப்பையும் சாணமும் விறகும் எரிப்பதால் வருகிற பழுப்புக் கரித்துகள்களும் இருந்தன. இவை ஒளியை உறிஞ்சுவதால் வெள்ளை மஞ்சளாகத் தெரிகிறது. கந்தகப் பயம் வேறு, அதுவும் நியாயமானதே. மதுரா சுத்திகரிப்பு ஆலையும் ஆக்ராவின் உலைகளும் கவலைக்குக் காரணமாகி, சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 30 அன்று, சுற்றிலும் 10,400 சதுர கி.மீ. பரப்பில் நிலக்கரி எரிக்கிற ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் இடம் மாற வேண்டும் என்றது. முல்தானி மிட்டி என்ற களிமண்ணை அப்பி, காயவிட்டுக் கழுவி வெள்ளையாக்குகிறார்கள். அது அழுக்கை எடுக்கிறது, அழுக்கு வருகிற வழியை அடைப்பதில்லை. அதுதான் முதலில் நடக்க வேண்டியது என்பது என் கட்சி.

கேள்வி: எங்கள் பழைய கற்கட்டடத்தை ஆசிட் வாஷ் செய்து, மேலே நீர்புகாத பூச்சு அடித்துவிட்டால் நிரந்தரமாக இருக்கும் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா? (நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர்)

தயவுசெய்து செய்யாதீர்கள். நூறு ஆண்டு மழை செய்யாததை ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரே பகலில் செய்துவிடும். சுண்ணாம்புக் காரை, சுண்ணாம்புக்கல், பளிங்கு எதுவாக இருந்தாலும் தோல் போகும், எஞ்சுகிற குளோரைடு உப்பு உள்ளே இறங்கி வருடக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்து, பக்கத்தில் இரும்பு இருந்தால் அதையும் தின்னும். அதிக அழுத்தத்தில் தண்ணீர் அடிப்பதும் மணல் வீசுவதும் அப்படித்தான்.

நீர்புகாத பூச்சு கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சுவருக்குள் ஈரம் மேலிருந்து மட்டும் வருவதில்லை, தரையிலிருந்தும் ஏறுகிறது, விரிசலிலும் நுழைகிறது. அது வெளியே ஆவியாகிப் போக வழி வேண்டும். பூச்சு அந்த வழியை அடைத்தால் உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகிக் கல்லின் முகத்தோடு பூச்சைத் தள்ளிவிடும். சுண்ணாம்புக் காரை வைத்த கட்டடத்தில் இணைப்புகளைச் சிமென்ட்டால் அடைப்பதும் இதே தவறு: சிமென்ட் கல்லைவிடக் கடினம், மூச்சு விடாது, ஈரம் கல் வழியாகவே வெளியேறத் தொடங்கும், சில ஆண்டுகளில் சிமென்ட் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கக் கல் குழிந்துபோகும். பழைய காரைக்குச் சுண்ணாம்பே போடுங்கள்.

அந்தப் பணத்தில் முதலில் மேலே ஏறுங்கள். தூம்புகளையும் மழைநீர்க் குழாய்களையும் சுத்தம் செய்யுங்கள், இடுக்கில் முளைத்த செடிகளை வேரோடு எடுங்கள், சுவரடியில் தண்ணீர் தேங்காமல் தரையைச் சரித்து விடுங்கள். சுவரில் உப்பு பூத்திருந்தால் அதைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம், கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். நன்றாகக் காய்ந்த நாளில் மென்மையான தூரிகையால் உலர்வாகவே தட்டி, கீழே விழுவதைத் தாளில் பிடித்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். மறுபடி பூக்கும், மறுபடி தட்டுங்கள்; ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் உள்ளே ஈரம் குறைகிறது என்று அர்த்தம், குறையவில்லை என்றால் தண்ணீர் வருகிற ஓட்டை இன்னும் எங்கேயோ இருக்கிறது, அதைத் தேடுங்கள்.